கொம்பையா சொன்னதும் சொல்லாததும்

சீவலங்குறிச்சிப் பூச்சந்தையில் கொம்பையா அதுவரை சொன்ன சொற்களெல்லாம் சொல்லாதவையாகிப் போன அந்த வருஷம், மழை நேரத்துக்குப் பெய்து, மல்லிகை தோட்டம் கொள்ளாமல் பூத்து, சந்தைக்கு வந்த ஈரச் சாக்குகளை இறக்கி வைக்க இடமில்லாமல் பேருந்து நிலையத்துச் சுவரோரம் வரை அடுக்கிக் கிடந்ததால், நடந்தது என்னவென்று உட்கார்ந்து யோசிக்க அங்கே யாருக்கும் நேரமிருக்கவில்லை. பூ யாருக்காகவும் காத்திருக்காது. விற்றாக வேண்டும், இல்லையென்றால் மதியத்துக்குள் அது வெந்த கீரை மாதிரி ஆகிவிடும். அதனால் சந்தை அந்த அதிசயத்தையும், வரத்து அதிகமான நாளில் வந்து சேர்ந்த இன்னொரு மூட்டையைப் போல, கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தது.

அந்தச் சந்தையில் எல்லாமே வாய்ப்பேச்சுதான். தோட்டக்காரன் கமிஷன் கடைக்காரனிடம் சொல்வான், கடைக்காரன் மேடையேறி ஏலம் கூவுவான், பூக்கட்டுகிறவர்கள் கையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்வார்கள், சொன்னால் சொன்னதுதான். அங்கே ஒருவரிடம் போய் “எழுதிக் குடும்” என்று கேட்பது, அவர் மடியைத் தடவிப் பார்ப்பதற்குச் சமம். வாசனைத் திரவியக் கம்பெனி ஒன்றிலிருந்து சட்டைப்பை நிறையப் பேனாக்களோடு வந்த ஒருவர், அச்சடித்த தாள்களை நீட்டிக் கையெழுத்துக் கேட்ட ஒரே பாவத்துக்காக, சந்தை முழுக்க நடந்தும் ஒரு பிடி அரளிகூட வாங்க முடியாமல், பேருந்துக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள்.

முப்பிடாதியும் அதே சந்தையில் வளர்ந்தவள்தான், அதனால்தான் அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வேப்பமரத்தடியில் பலகைக் கடைகளாக இருந்த காலத்தில் அவள் கடையும் கொம்பையா கடையும் அடுத்தடுத்து இருந்தன. கொம்பையாவுக்குக் குரல் இருந்தது. அவர் கூவினால் தகரக் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பும், பேருந்து ஓட்டுநர்கள் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்பார்கள். முப்பிடாதிக்குக் குரல் கிடையாது, கை இருந்தது. சாக்குக்குள் முழங்கை வரை விட்டு எடுத்து, இது எப்போது மலரும், இதில் எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா, அடியில் நேற்றைய பூ கிடக்கிறதா என்று சொல்லிவிடுவாள். கணவன் இறந்த பிறகு அந்தக் கையை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது, அந்தக் கையை நம்பித்தான் மேற்கத்தித் தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் அவளிடம் பூவை இறக்கினார்கள்.

நகராட்சி புதுக் கட்டடம் கட்டியபோது, மரத்தடிக் கடையை ஒப்படைக்கிறவர்களுக்கு மட்டும் உள்ளே இடம் என்றும், ஒரு கடைக்கு ஒரு பெயர்தான் என்றும் அறிவித்தார்கள். முன்வாசலை ஒட்டிய பெரிய கடை வேண்டுமென்றால் இரண்டு பலகைக் கடைகளையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். அன்றைக்குக் கொம்பையா பூ நிறுக்கிற தராசுத் தட்டில் வலது கையை வைத்து, டீக்கடை மைதீனும் தரகர் சித்திரைவேலும் பக்கத்தில் நிற்க, சந்தைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: “பேருக்குத்தான் என் பேரு. கடை ரெண்டு பேருக்கும் சரிபாதி. நாளைக்கு நான் இல்லாட்டாலும் பாதி முப்பிடாதிக்கு.” தட்டில் கை வைத்துச் சொன்னதற்கு மேல் அங்கே பத்திரம் கிடையாது. அவள் தன் மரத்தடியை ஒப்படைத்தாள், தன் தோட்டக்காரர்களை எல்லாம் கூட்டி வந்தாள், அவர் மேடையில் நிற்க அவள் சாக்கருகே நிற்க, கடை கோயில் வாசல் மாதிரி நடந்தது.

பிறகு கொம்பையாவின் மகளுக்குத் திருமணம் பேசினார்கள். சம்பந்தி வீட்டார் காப்பியை ஆற்றிக்கொண்டே, கடை முழுசும் உங்களுக்குத்தானா என்று கேட்டார்கள். அவர் முழுசும்தான் என்றார். மாப்பிள்ளையைக் கடையில் உட்கார வைப்பதாகவும் சொல்லிவிட்டார். மறுநாள் காலை, வரத்து உச்சத்தில் இருந்த நேரத்தில், முப்பிடாதியைக் கூப்பிட்டு, இனிமேல் கல்லாப் பக்கம் வர வேண்டாம், தினக்கூலியாக நிற்கிறதென்றால் நிற்கலாம் என்றார்.

அவள் சாக்குக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. “அண்ணாச்சி, சரிபாதின்னு சொன்னீங்கள்லா.”

“எப்பச் சொன்னேன்?”

“தராசுல கைய வச்சு. மைதீன் நின்னாரு, தரகரு நின்னாரு.”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல.”

“சொல்லலையா?”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல. கூலிக்கு நின்னவ கடையக் கேக்கா பாத்தீரா வே சித்திரவேலு!”

சித்திரைவேலுக்கு அந்த நேரத்தில்தான் செருப்பு வார் அறுந்ததுபோல இருந்தது, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதீன் கழுவிய தம்ளரையே திரும்பக் கழுவினார். கொம்பையாவிடம்தானே நாளைக்கும் வியாபாரம் பண்ண வேண்டும். முப்பிடாதி இரண்டு பேரையும் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவள் மண்ணை வாரித் தூற்றினாள் என்றும், இசக்கியம்மன் கோயிலில் ஈரச்சேலையோடு விளக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தாள் என்றும் பின்னால் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “சரி அண்ணாச்சி. நீங்க சொல்லல. அப்படியே இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு மேடையேறி மல்லிகை ஏலத்தைத் தொடங்கினார். குரல் எப்போதும்போலத்தான் வந்தது. புறாக்கள் எப்போதும்போலத்தான் கிளம்பின. ஆனால் கீழே நின்றவர்கள், தாமதமாகும் பேருந்துக்காக நிற்பவர்களைப் போல, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று அவர் முடித்த பிறகு முன்வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி, “எப்பத்தான்யா ஆரம்பிப்பீரு?” என்று கேட்டாள். அவர் சொன்னது காதில் விழுந்தது, விழுந்த உடனே சூடான கல்லில் தெளித்த தண்ணீரைப் போலக் காய்ந்தும் போனது. அவர் கத்தினார், கெட்ட வார்த்தையில் திட்டினார், கடைசியில் கும்பிட்டார். ஒன்றும் தங்கவில்லை. கோபத்தில், தன்னைச் சுற்றி நின்ற யாரையும் பார்க்காமல், “நான் அப்படிச் சொல்லவே இல்ல” என்று முணுமுணுத்தபோது மட்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டி, “அது சரி, நீரு எங்க சொன்னீரு?” என்றார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் அவர் வாயில் மிச்சமிருந்தது.

அன்றைக்கு விற்காத மல்லிகை மாலைக்குள் கறுத்து நாறியது. மறுநாளிலிருந்து தோட்டக்காரர்கள் வேறு கடைகளில் இறக்கினார்கள். யாரும் அவர்மேல் கோபப்படவில்லை. கால் உடைந்தவரை ஓடச் சொல்ல முடியாது, சொல் தங்காதவரிடம் பூவைக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அது பின்னோக்கிப் போவது தெரிந்தது. இனிமேல் சொல்வது மட்டுமல்ல, பிறந்ததிலிருந்து கொம்பையா சொன்ன ஒவ்வொன்றும், யாரிடம் சொன்னாரோ அவர்களிடமிருந்து, உலர்ந்த இதழைப் போல ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கோயில் கொடைவிழாவில் அவர் திட்டிய திட்டுக்காக வெகுகாலம் முகம் பார்க்காமல் இருந்த பங்காளி, தான் எதற்காகப் பேசாமல் இருந்தோம் என்று விளங்காமல் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து வீட்டில் உட்கார்ந்தான். “பொண்ணு தாரேன்” என்று அவர் சொன்ன சொல் போய்விட்டதால், சம்பந்தி வீட்டார் தாங்கள் அந்த ஊருக்கு எதற்காக வந்து போனோம் என்று மறந்து, மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்கள். மகள் பிறந்தபோது அவள் காதில் அவர் ஓதிய பெயரும் உதிர்ந்தது. சான்றிதழ்களில் அது அப்படியே இருந்தது, ஆனால் யார் வாயிலும் வரவில்லை. அந்தப் பெண் அதற்காக ஒரு நாள்கூட அழவில்லை. பிடிக்காத மாப்பிள்ளையும் பிடிக்காத பெயரும் ஒரே வாரத்தில் ஒழிந்ததென்று, தனக்கே மதிவதனி என்று பெயர் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு நர்சிங் படிக்கப் போய்விட்டாள். மனைவி சண்முகக்கனி மட்டும் சோறு போடும்போதெல்லாம் அவரை, பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல், மரியாதையோடும் கொஞ்சம் சங்கடத்தோடும் பார்த்தாள்.

ஊர் பழகிக்கொண்டது. கூலிக்குக் கூவத் தென்காசிப் பக்கமிருந்து கொம்பையா ஒருவனைப் பிடித்து வந்தார், பேசிய கூலி பேசாததாகிவிட்டதால் அவன் ஒரு காலை நேரம் நின்றுவிட்டுப் போனான். சீட்டில் எழுதி நீட்டினார், எழுத்தை எல்லோருக்கும் வாசிக்கத் தெரிந்தது, ஆனால் அந்தச் சந்தையில் சீட்டு நீட்டுகிறவரைப் பார்க்கிற பார்வையைத்தான் அவரும் வாங்கிக்கொண்டார்.

முப்பிடாதிக்கு மட்டும் எதுவும் உதிரவில்லை. கொம்பையா அத்தனை வருஷமாகச் சாக்குக்கும் தராசுக்கும் நடுவில் நின்று சொன்ன எல்லாமே அவளிடம் அப்படியே இருந்தது. பேருந்து நிலையச் சுவரோரம் ஒரு தட்டுக் கனகாம்பரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஊரே அதிசயம் பேசியபோது, தன் பாதியை நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் போனது அவளுக்குப் போதவில்லை. வாய் போனதை நோய் என்றல்லவா சொல்கிறார்கள்? தண்டனை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லையே. அதற்குள்ளாக இரண்டு பேர் அவருக்காகப் பரிதாபப்படவும் தொடங்கியிருந்தார்கள். அவள் பூத்தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்த வக்கீல் பியூலாவிடம் போனாள்.

பியூலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். “வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்க்கா. எழுதினாத்தான் செல்லும்னு சட்டம் சொல்லல. ஆனா கோர்ட்டு நம்பணும்லா. அவரு சொன்னதக் கேட்டவங்க வந்து சொல்லணும். இல்லாட்டா, சொன்னபடி ரெண்டு பேரும் நடந்துக்கிட்டீங்கன்னு காட்டணும். யாரு கடையத் தொறந்தா, வாடகையில ஒங்க பங்கு எப்படிப் போச்சு, தோட்டக்காரங்க யாருக்கு போன் போட்டாங்க, எல்லாம் வேணும்.”

“கேட்டவனுக்கெல்லாம் மறந்து போச்சே.”

“மறக்கதுக்கு முன்னாடி?”

“முன்னாடி பயம்.”

பியூலா சிரித்தாள். “எப்பவும் உள்ளதுதான்.”

“போலீஸுக்குப் போனா?”

“சிவில் விவகாரம்னு திருப்பி அனுப்புவாங்க. சொல்லும்போதே ஏமாத்தணும்னு நெனச்சுத்தான் சொன்னாருன்னு நிரூபிச்சாத்தான் மோசடி. நாம மொதல்ல நோட்டீஸ் விடுவோம். கடைய வேற பேருக்கு மாத்தாம இருக்கத் தடை கேப்போம். கூட்டு வியாபாரத்தக் கலைச்சு, கணக்குத் தீத்து, பாதியக் குடுன்னு வழக்குப் போடுவோம். கூட்டைப் பதிவு பண்ணலன்னு அவங்க சைடு குதிப்பாங்க, குதிக்கட்டும், பதிவு பண்ணாட்டாலும் கலைக்கச் சொல்லிக் கேக்க ஒங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா ஒண்ணு, இல்லன்னு சொல்லிட்டாருல்லா, இனிமே நாள் கடத்தக் கூடாது. கடத்துனா காலக்கெடு போயிரும்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“இது மல்லி இல்லக்கா, பனை.”

முப்பிடாதி எழுந்தாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, “அவரு தலை குனியணும். அதுக்குச் சட்டத்துல எடம் இருக்கா?” என்று கேட்டாள்.

“அதுக்குத் தனியா மனு கெடையாதுக்கா” என்றாள் பியூலா.

நோட்டீஸ் போனது. பதிலும் வந்தது. கொம்பையா சீட்டில் எழுதிக் கொடுத்ததை வைத்து அவர் வக்கீல் தாளில் எழுதியது தாளில் அழியாமல் நின்றது: கடை முழுவதும் தன் கட்சிக்காரருக்கே சொந்தம், மேற்படிப் பெண் தினக்கூலி. அந்த வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்ட அன்றைக்கு முப்பிடாதி டீயைப் பாதிதான் குடித்தாள். தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, மைதீனைச் சுடவேண்டுமென்றே சொன்னாள்: “ஒங்க வாப்பா மையத்த எடுத்த அன்னைக்கு, ‘இனிமே மைதீனுக்கு நான்தான் அண்ணன்’னு சொன்ன மனுசன்தான அவரு? நீரும் தம்ளரக் கழுவிக்கிட்டு நிக்கீரு.”

மைதீன் கை அப்படியே நின்றது. அவர் கண் கலங்கியது. “ஆமாக்கா… சொன்னாரே. என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரே. எப்படி மறந்தேன்?”

முப்பிடாதிக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் வாய் வழியாக வந்தால் அந்த ஆளின் சொல் திரும்ப உயிர் பெறுகிறது! கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, கொம்பையா ஒருநாளும் சொல்லாத ஒன்றை, தெரிந்தே, மெதுவாக எடுத்து வைத்தாள். “ஒம்ம டீயப் பாத்திரம் கழுவுன தண்ணின்னும் சொல்லியிருக்காரு.”

மைதீன் முகம் சிவந்தது. “ஆமா! என் மூஞ்சிக்கு நேராவே சொன்னான்! அண்ணனாம் அண்ணன்!”

பச்சை மிளகாயைக் கடித்ததுபோல அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அந்த எரிச்சல் ருசியாகவும் இருந்தது.

அந்த மாதம் முழுக்க அவள் கொம்பையாவின் வாயாக இருந்தாள். பூக்கட்டுகிறவர்களிடம், அவர்கள் மாலை பிணத்துக்குத்தான் லாயக்கு என்று அவர் சொன்னதாகச் சொன்னாள். பங்காளியிடம், அவன் கொண்டுவந்த பழத்தை ஆடுகூடத் தின்னாது என்று சொன்னதாகச் சொன்னாள். சித்திரைவேலிடம், “ஒம்ம நாக்கும் ஒம்ம தராசும் ஒரே பக்கம்தான் சாயும்னு அண்ணாச்சி அடிக்கடி சொல்லுவாருல்லா” என்றாள். சித்திரைவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொம்பையா வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கேட்கும்படி, “எப்படிவே அப்படிச் சொல்லலாம்?” என்று கத்தினார்.

“நான் அப்படிச் சொல்லவே இல்ல” என்றார் கொம்பையா. அந்த வாக்கியத்தை அவர் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. தெருவில் ஒருவர்கூட நம்பவில்லை.

கும்பலுக்குப் பின்னால் பூத்தட்டோடு நின்றிருந்த முப்பிடாதியை அவர் பார்த்துவிட்டார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. யார் சொல்லி இது வருகிறது என்பதும், யாரிடம் தன் வாய் இருக்கிறது என்பதும்.

இரண்டு நாள் கழித்துச் சண்முகக்கனி வந்தாள். பூ வாங்க வந்தவள்போல ஒரு முழம் வாங்கி, தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“முப்பிடாதி, ஒங்கிட்ட எல்லாம் இருக்குன்னு சொல்லுதாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்த மனுசன் என்னக் கெட்டிக்கிட ஆசப்பட்டாரா? யாரு சம்மதிச்சு நான் இந்த வீட்டுல சோறு பொங்குதேன்னு எனக்கே தெரியல.”

முப்பிடாதிக்கு நாக்கின் நுனியில் ஒரு பொய் வந்து உட்கார்ந்தது. நல்ல பொய், ஒரு குடும்பத்தையே அறுத்துப் போடக்கூடிய பொய். அவள் சண்முகக்கனியின் கையைப் பார்த்தாள். கனகாம்பரம் அந்த வியர்வையில் சாயம் விட்டுக்கொண்டிருந்தது.

“ஒங்களப் பொண்ணு பாத்துட்டு வந்ததப் பத்தி எங்கிட்ட எத்தன மட்டம் சொல்லியிருக்காரு மைனி. ஜன்னல்ல வெயிலு, அதுக்கு முன்னாடி நீங்க. எதப் பாத்து கண்ணு கூசிச்சின்னே தெரியலம்பாரு.”

சண்முகக்கனி தெரு என்றும் பாராமல் சிரித்தாள். பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள். முப்பிடாதிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கனிக்குச் சொந்தமானதைக் கனிக்குக் கொடுத்தோம், அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்த அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் பூச்சந்தையே நின்றது. பியூலா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டே அவளைத் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

“அக்கா, நீங்க சொன்னாத்தான் அவங்களுக்கெல்லாம் ஞாபகம் வரும். நீங்க என்ன சொல்லுதீங்களோ அதுதான் ஞாபகமா வரும். எனக்கும் வெளங்குது. அதனால நான் எதுவும் கேக்கல. நீங்களே யோசிச்சுக்கிட்டுக் கூண்டுல ஏறுங்க.”

முழுக் கடையும் அவளுடைய வாயளவு தூரத்தில் இருந்தது. முன்வாசல், மேடை, தராசு, எல்லாம். “முழுசும் ஒனக்கே, முப்பிடாதி” என்று அவர் சொன்னதாக ஒரு வார்த்தை. மைதீன் ஆமென்பார், சித்திரைவேல் சத்தியம் செய்வார், அந்த மனுஷர் தெருவுக்கு வருவார். கூண்டின் படியில் கால் வைக்கும்போது அவள் எதிர்வரிசையில் இருந்த கொம்பையாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பயமில்லை. ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அவள் பொய் சொல்வதற்காகக் காத்திருந்தார். அவள் மட்டும் முழுசும் என்று சொல்லிவிட்டால், கடை போனாலும் அவர் நிம்மதியாகத் தூங்குவார். அவளும் என்னைப்போலத்தான், அவளிடம் ஏமாந்தவன் நான் என்று சாகும்வரை சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வார். அந்த நிம்மதியை அவருக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

“பேருக்குத்தான் என் பேரு. கடை ரெண்டு பேருக்கும் சரிபாதி. நாளைக்கு நான் இல்லாட்டாலும் பாதி முப்பிடாதிக்கு. தராசுத் தட்டுல கைய வச்சு இப்படித்தான் சொன்னாரு” என்றாள் முப்பிடாதி. “எனக்கு என் பாதி போதும்.”

வராந்தாவில் சித்திரைவேல் தலையில் அடித்துக்கொண்டார். “சொன்னாரு! நான் பக்கத்துலதான நின்னேன்!” மைதீன் உள்ளே ஓடிவரப் பார்த்து, வாசலில் நின்ற டவாலிச் சேவகரிடம் திட்டு வாங்கினார். இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள், இரண்டு பேருக்கும் தட்டில் இருந்த துருகூட ஞாபகம் இருந்தது. கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார். அவள் பொய் சொல்லவில்லை.

பிறகு அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். பெயரென்ன என்று நீதிபதி கேட்டார். அவர் வாய் அசைந்தது, தட்டச்சு செய்கிறவரின் விரல்கள் அசையவில்லை. பியூலா எழுந்தாள்.

“பதில் மனுவுல, கடை முழுசும் ஒங்களுக்கே சொந்தம்னு சொல்லியிருக்கீங்க. சரிதானே?”

கொம்பையா ஆமென்றார், ஆமென்று கத்தினார், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றார். ஒன்றும் நிற்கவில்லை. நீதிபதி கடியாரத்தைப் பார்த்தார். “காதுல விழுற மாதிரி சொல்லுங்க. சொல்லியிருக்கீங்களா, இல்லையா?”

நிற்கக்கூடிய ஒரே வாக்கியத்தை அவர் பல்லுக்குள் கடித்துப் பிடித்துக்கொண்டு நின்றதை முப்பிடாதி பார்த்தாள். வேர்வை கழுத்தில் இறங்கியது. மௌனத்தையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்று நீதிபதி எச்சரித்தார். ஏதாவது ஒன்று, எப்படியாவது ஒரு சொல், மனிதர்கள் முன்னால் தன் வாயிலிருந்து விழுந்து நிற்க வேண்டும் என்ற தவிப்பு கடைசியில் அவரை வென்றது.

“நான் அப்படிச் சொல்லவே இல்ல.”

தட்டச்சு இயந்திரம் மழை மாதிரிச் சடசடத்தது.

“இந்த அம்மா கூலிக்கு நின்னவங்கன்னு சொல்லியிருக்கீங்களே?”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல.”

“நன்றி. வேற கேள்வி இல்லங்க” என்றாள் பியூலா.

அவருடைய வக்கீல் வழக்குக் காகிதக் கட்டை மூடி, நாடாவைக் கட்டினார்.

தீர்ப்பு வர மேலும் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பிடித்தது. கடை சரிபாதி என்றது தீர்ப்பு. கோர்ட்டிலிருந்து அமீனா வந்து அளந்து, மேடையிலிருந்து முன்வாசல் வரை தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் முப்பிடாதி சாக்கருகே நின்றாள். குரல் இல்லாதவள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், கூவ வேண்டி வந்தபோது கூவினாள். கீச்சென்றுதான் வந்தது, ஆனால் சொன்னது நின்றது. இந்தப் பக்கம் கொம்பையா காலி மேடையில் உட்கார்ந்திருந்தார். அவருக்காக மனம் இளகிய கிழக்கத்தித் தோட்டக்காரர் ஒருவர் கொஞ்சம் மல்லிகையை இறக்கிவிட்டுப் போனால், அது அவர் காலடியிலேயே மலர்ந்து, மஞ்சளாகி, வாடியது.

ஒரு காலை, இரண்டு மூட்டைப் பிச்சிப்பூவை இழுத்துக்கொண்டு அவர் கோடு வரைக்கும் வந்து நின்றார். விரலால் பூவைக் காட்டினார். பிறகு அவள் வாயைக் காட்டினார்.

முப்பிடாதிக்கு விளங்கியது. ஊரிலேயே அவளுடைய வாயில்தான் அவர் சொல் நிற்கும். சந்தை கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

“நான் கூவித் தாரேன் அண்ணாச்சி. வாரதுல சரிபாதி எனக்கு.”

அவர் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, இடுப்பிலிருந்து எதையோ எடுத்தார். நான்காக மடித்த முத்திரைத்தாள். அதில் எல்லாம் எழுதித் தயாராக இருந்தது, அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கூடவே ஒரு பேனாவும் நீட்டினார்.

சித்திரைவேல்தான் முதலில் சொன்னார்: “அட, எழுதிக் கேக்காரு வே!” பூக்கட்டுகிறவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சிரிப்பு வாசலைத் தாண்டிப் பேருந்து நிலையம் வரை போனது.

முப்பிடாதி சிரிக்கவில்லை. தாளை வாங்கவும் இல்லை. அவர் கையில் அது காற்றில் படபடத்துக்கொண்டிருக்க, தன் ஈரக் கையைச் சேலையில் மெதுவாகத் துடைத்தாள்.

“எழுத்துல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. வாய் வார்த்ததான். நம்புனா நில்லுங்க. நம்பாட்டா பூவ அள்ளிட்டுப் போங்க.”

பிச்சிப்பூ ஏற்கெனவே வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. அவர் பூவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சிரித்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டையை அவிழ்த்து, அவள் கை விட்டுப் பார்ப்பதற்காக வாயை விரித்துப் பிடித்தபடி குனிந்து நின்றார்.

அவள் கையை உள்ளே விட்டு, அவசரமில்லாமல், அடிவரை துழாவி எடுத்தாள். மேடையேறினாள். “கொம்பையா அண்ணாச்சி சொல்லுதாரு” என்று தொடங்கினாள், விலை சொன்னாள், விற்றாள். அடுத்த நாளும் விற்றாள். அந்தப் பருவம் முழுக்கவும் அடுத்த பருவம் முழுக்கவும் அவருடைய பாதியை ஒரு குறைவும் இல்லாமல் அவர் கையில் வைத்தாள், ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் அவள் தொண்டையைச் செருமும்போது, இன்றைக்குத்தானோ, இன்றைக்குத்தான் இல்லையென்று சொல்லப் போகிறாளோ என்று, கொம்பையா மேடைக்குக் கீழே நின்று, இமைக்காமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.